எத்தனை பார்த்தால் போதும்?

போன இதழில் சாம்பிள் எடுப்பது பற்றி, அதாவது மொத்தச் சரக்கில் கொஞ்சத்தை மட்டும் எடுத்துப் பார்த்து முழுதுக்கும் முடிவு சொல்வது பற்றி, நாலு வரிதான் எழுதினேன். அதற்கு இவ்வளவு கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. எல்லாக் கடிதத்திலும் கேள்வி ஒன்றுதான்: எப்போது நிறுத்துவது? அதனால் இந்த மாதம் முழுக்க அதுவே.

புதிதாகப் படிப்பவர்களுக்காக: திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு நட்டு, போல்ட், வாஷர் செய்யும் தொழிற்சாலையில் 29 வருடம் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தேன். இப்போது தண்டையார்பேட்டையில் வீட்டு மாடியில் காலேஜ் பிள்ளைகளுக்குப் புள்ளியியல் டியூஷன் எடுக்கிறேன். பேராசிரியர் அல்ல. கையில் எண்ணெய்ப் பிசுக்கோடு கற்றுக்கொண்ட கணக்கு, அப்படியேதான் சொல்லத் தெரியும்.

கேள்வி: கொருக்குப்பேட்டையில் எலக்ட்ரிகல் கடை வைத்திருக்கிறேன். எல்.இ.டி. பல்பு பெட்டி பெட்டியாக வருகிறது. நூற்றுக்கு இரண்டு எரியாவிட்டால் பரவாயில்லை, எடுத்துக்கொள்வேன். பத்து எரியாவிட்டால் திருப்பி அனுப்பியாக வேண்டும். என் மகள் பி.எஸ்சி. படிக்கிறாள். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "89 பல்பு மாட்டிப் பாருங்கப்பா. நாலு வரைக்கும் போயிருந்தா எடுத்துக்கலாம், அஞ்சு ஆச்சுன்னா திருப்பிடுங்க" என்கிறாள். போன வாரம் பெட்டியைப் பிரித்து மாட்டிய முதல் ஐந்திலேயே இரண்டு எரியவில்லை. மீதி 84-ஐயும் மாட்டிப் பார்க்கத்தான் வேண்டுமா?

மகள் போட்ட கணக்கு சரி. நல்ல பெட்டியைத் தவறாகத் திருப்பி அனுப்புவது நூற்றுக்கு ஐந்து முறைக்கு மேல் நடக்கக் கூடாது, மோசமான பெட்டியைத் தவறாக உள்ளே விடுவதும் ஐந்து முறைக்கு மேல் கூடாது என்று வைத்துக்கொண்டால் 89 தான் வரும். ஆனால் அது எல்லாவற்றையும் மொத்தமாகப் பார்த்துவிட்டுக் கடைசியில் ஒரே ஒரு தடவை முடிவெடுக்கும் முறை. ஒவ்வொரு பல்பாக மாட்டும்போதே முடிவை நோக்கி நகரும் முறை ஒன்று உண்டு. தொழிற்சாலையில் அதை சீக்வென்ஷியல் என்போம். புத்தகத் தமிழில் தொடர்முறைக் கருதுகோள் சோதனை. பெயர் இருக்கட்டும், செய்முறையைப் பாருங்கள்.

கடை நோட்டின் பின்பக்கத்தில் பூஜ்யம் என்று எழுதிக்கொள்ளுங்கள். ஒரு பல்பு எரிந்தால் 1 கூட்டுங்கள். எரியாவிட்டால் 19 கழியுங்கள். கணக்கு +35-ஐத் தொட்டால் பெட்டி உள்ளே. −35-ஐத் தொட்டால் பெட்டி வெளியே. இரண்டுக்கும் நடுவில் இருக்கும்வரை அடுத்த பல்பை எடுங்கள். வேறு ஒன்றும் இல்லை.

உங்கள் ஐந்து பல்பில் மூன்று எரிந்தன, அது +3. இரண்டு எரியவில்லை, அது −38. கூட்டினால் −35. கோட்டைத் தொட்டாகிவிட்டது, கடையைச் சாத்திவிட்டு டீ குடிக்கப் போகலாம். முதல் இரண்டுமே எரியாமல் போயிருந்தால் இரண்டாவது பல்பிலேயே முடிந்திருக்கும். ஒன்றுகூடப் பழுதில்லாமல் வந்திருந்தால் 35-ஆவதில் பெட்டியை உள்ளே வைத்திருக்கலாம். நடுவில் ஒரே ஒரு பழுது என்றால் அந்த 19-ஐ ஈடுகட்ட 54 நல்ல பல்பு வேண்டும், மொத்தம் 55. அதுவும் 89-க்குக் கீழேதான்.

இந்த 19 எங்கிருந்து வந்தது? பத்து சதவீதம் பழுதுள்ள பெட்டியில் எரியாத பல்பு கையில் சிக்கும் வாய்ப்பு, இரண்டு சதவீதப் பெட்டியில் சிக்குவதைப் போல ஐந்து மடங்கு. ஆக ஒரு பழுது வந்தால், 'இது மோசமான பெட்டி' என்ற பக்கத்துக்குத் தராசு ஐந்து மடங்கு சாய்கிறது. நல்ல பல்பு வந்தால்? மோசமான பெட்டியில் அதற்கு 90 வாய்ப்பு, நல்ல பெட்டியில் 98. அதனால் 'நல்ல பெட்டி' பக்கம் சாய்வது இம்மியளவுதான். 98-ஐ 90-ஆல் வகுத்து வருவதை 19 தடவை பெருக்கினால்தான் அந்த ஐந்து மடங்கை எட்டும். ஆக ஒரு பழுது சாய்த்த தராசை நிமிர்த்த நல்ல பல்பு 19 வேண்டியிருக்கிறது. எங்கள் இன்ஸ்பெக்‌ஷன் மேஜையில் ஒரு பழுது வந்தாலே மிஷின் ஆபரேட்டர்கள் முகம் சுருங்குவதற்குக் காரணம் இதுதான். "இன்னா மேடம், ரெண்டு பாத்துட்டு லாட்டையே ஓரங்கட்டிட்டீங்க?" என்று சண்டைக்கு வருவார்கள். இரண்டு பழுதின் எடை 38 நல்லதின் எடை என்று அவர்களுக்குப் புரியவைக்க எனக்குப் பல வருடம் ஆனது.

35 என்ற எல்லை, தவறுக்கு நீங்கள் தரும் இடத்திலிருந்து வருகிறது. ஐந்து சதவீதம் தவறு பரவாயில்லை என்றால் தராசு 95-க்கு 5, அதாவது 19 மடங்கு சாய வேண்டும். அதை நம் மதிப்பெண்ணில் சொன்னால் கிட்டத்தட்ட 35. இரண்டு இடத்திலும் 19 என்ற எண் வந்து நிற்பது தற்செயல், குழப்பிக்கொள்ள வேண்டாம். ஒரு சதவீதம்தான் தவறலாம் என்று கறார் செய்தால் எல்லை 54 ஆகிவிடும்.

உண்மையிலேயே நல்ல பெட்டி என்றால் சராசரியாக ஐம்பத்துச் சொச்சம் பல்பில் முடிவு வந்துவிடும். மோசமான பெட்டி என்றால் நாற்பதுக்குப் பக்கம்.

ஒரு சின்னக் குட்டும் உண்டு. 89 என்று கிளம்பிவிட்டு, ஐந்தைப் பார்த்த பிறகு என்னிடம் வேறு விதி கேட்கிறீர்கள். அது கொஞ்சம் கள்ளத்தனம். இந்தத் தடவை விட்டுவிடுகிறேன். அடுத்த பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே விதியை நோட்டில் எழுதிவிடுங்கள். ஏன் என்று பெரம்பூர் தம்பிக்குச் சொல்லியிருக்கிறேன், கீழே படியுங்கள்.

கேள்வி: எங்கள் செங்குன்றம் அரிசி மண்டியில் ஒரு பெரியவர் குத்தூசியால் நாலு மூட்டை குத்தி, உள்ளங்கையில் கொட்டிப் பார்த்து, ஒரு மணியைக் கடித்துவிட்டு முடிவு சொல்லிவிடுவார். சில நாள் இருபது மூட்டை குத்துவார். கேட்டால் "ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்பார். இதுவும் நீங்கள் சொல்லும் கணக்கும் ஒன்றா?

பெரியவரின் கை சரியாகத்தான் வேலை செய்கிறது. தெளிவாகத் தெரிந்தால் நாலோடு நிறுத்துகிறார், சந்தேகம் என்றால் மேலும் குத்துகிறார். சீக்வென்ஷியலின் உயிர் அதுதான். ஆனால் அவருடைய எல்லைக்கோடு அவர் மனசுக்குள் இருக்கிறது. லாரிக்காரர் தெரிந்தவர் என்றால் கோடு ஒரு பக்கம் நகரும், முந்தின நாள் ஏமாந்திருந்தால் இன்னொரு பக்கம் நகரும்.

அப்புறம் அந்தப் பழமொழி. பானையில் சோறு ஒரே தண்ணீரில் ஒன்றாகக் கொதிக்கிறது, நடுவில் நாலு தடவை கிளறியும் விடுகிறோம். அதனால்தான் ஒரு சோறு போதும். லாரியை யார் கிளறினார்கள்? மேல் வரிசையில் நல்ல மூட்டையை அடுக்கி அனுப்புவது ஊர் அறிந்த வித்தை. நடுவிலும் அடியிலும் குத்தச் சொல்லுங்கள். எந்த மூட்டை என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுத்தால் இன்னும் நல்லது. இது நடக்காவிட்டால் என் பிளஸ் ஒன்றும் மைனஸ் பத்தொன்பதும் வெறும் விளையாட்டு.

கேள்வி: இந்த முறையைக் கண்டுபிடித்தவர் யார்? நம் ஊரோடு அவருக்குத் தொடர்பு உண்டு என்று போன இதழில் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்களே! (பொன்னேரியிலிருந்து ஓர் ஆசிரியை)

ஆமாம் டீச்சர், இடம் போதவில்லை.

அவர் பெயர் ஆபிரகாம் வால்ட். வாட்ஸாப்பில் சிவப்புப் புள்ளி வைத்த விமானப் படம் ஒன்று சுற்றுமே, 'திரும்பி வராத விமானத்தில்தான் பாடம் இருக்கிறது' என்று, அந்தக் கதையில் வருபவர்தான். 1902-இல் அப்போதைய ஹங்கேரியில் இருந்த ஓர் ஊரில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். இன்று அந்த ஊர் ருமேனியாவில் இருக்கிறது. வியன்னாவில் கணிதம் படித்தார். ஹிட்லர் ஆஸ்திரியாவுக்குள் நுழைந்த 1938-இல் அமெரிக்கா போனார். ஊரில் விட்டுவிட்டு வந்த குடும்பத்தில் பெரும்பாலோரை நாஜிகள் கொன்றார்கள்.

இரண்டாம் உலகப் போரின்போது நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ராணுவத்துக்காக ஒரு புள்ளியியல் குழு வேலை பார்த்தது. அதில் ஆலன் வாலிஸ், மில்டன் ஃபிரீட்மன் எல்லாரும் இருந்தார்கள். பின்னாளில் பொருளாதார நோபல் வாங்கினாரே, அதே ஃபிரீட்மன்தான். கடற்படையின் வெடிமருந்துச் சோதனை ஒன்றுக்கு வாலிஸ் கணக்குப் போட்டுக் கொடுத்தார். ஆயிரக்கணக்கில் சுட்டுப் பார்க்க வேண்டும் என்று வந்தது. ஸ்கைலர் என்ற கடற்படை கேப்டன் அதைப் பார்த்துவிட்டு, 'அனுபவமுள்ள ஓர் அதிகாரி பக்கத்தில் நின்றால் முதல் சில நூறிலேயே முடிவு தெரிந்துவிட்டது என்பாரே, மீதியை ஏன் வீணாக்குகிறீர்கள்' என்ற பொருளில் கேட்டார். செங்குன்றம் பெரியவர் நினைவுக்கு வருகிறாரா?

வாலிஸும் ஃபிரீட்மனும் இதை மென்றுகொண்டே இருந்தார்கள். தங்களால் முடியாது என்று தெரிந்ததும் 1943 வசந்தத்தில் வால்டிடம் கொண்டுபோனார்கள். அவர் முதலில் நம்பவில்லை. ஓரிரு நாளில் அவரே போன் செய்து, அப்படி ஒரு சோதனை சாத்தியம்தான் என்றார். நாம் மேலே பல்புக்குப் போட்ட கணக்கு அன்று பிறந்தது. போர்க்கால ரகசியம் என்று பூட்டி வைத்து, 1945-இல்தான் வெளியே விட்டார்கள். வால்டின் புத்தகம் 1947-இல் வந்தது. மறு வருடம் அவரும் வுல்ஃபோவிட்ஸ் என்ற புள்ளியியலாளரும் சேர்ந்து, நாம் முன்கூட்டியே குறித்த நல்லது, மோசமானது என்ற இரண்டு நிலையிலும், தவறின் அளவு அதேபோல் இருக்கும் எந்தச் சோதனையும் சராசரியில் இதைவிடக் குறைந்த சாம்பிளில் முடிய முடியாது என்று நிரூபித்தார்கள். இந்த வரியை முதன்முதலாகப் படித்த அன்று, இன்ஸ்பெக்‌ஷன் ரூம் ஸ்டூலில் உட்கார்ந்தபடி எனக்குச் சிலிர்த்தது. நாங்கள் வாஷருக்குப் போட்ட கணக்கை உலகத்தில் யாராலும் முந்த முடியாதாம்!

குழுவில் ஒரு கிண்டல் உண்டாம். வால்ட் அப்போது சட்டப்படி எதிரி நாட்டுக்காரர், ரகசியக் காகிதம் எதையும் பார்க்கக் கூடாது. அதனால் அவர் எழுதி முடித்த தாளை அவர் கையிலிருந்தே செக்ரட்டரி பிடுங்கிக்கொண்டு போக வேண்டும் என்பார்களாம்.

அதே வருடங்களில் இங்கிலாந்தில் ஆலன் டூரிங் என்ற கணித அறிஞர் ஜெர்மானியரின் எனிக்மா சங்கேதத்தை உடைக்க இதே மாதிரி மதிப்பெண் கூட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தடயத்துக்கும் எடை போட்டுக் கூட்டி, குறிப்பிட்ட அளவைத் தாண்டியதும் நிறுத்துவது. அதற்கான தாள்கள் பான்பரி என்ற ஊரில் அச்சானதால் அந்த எடைக்கு 'பான்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். இரண்டு பேரும் தனித்தனியாகக் கண்டது.

இந்தியாவுக்கு வருகிறேன். கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை ஆரம்பித்த மஹலநோபிஸ், வங்காளத்தில் சணல் பயிரிட்ட பரப்பை அளக்க, முதலில் சின்ன சர்வே, அதில் தெரிந்ததை வைத்து அடுத்த சர்வே என்று படிப்படியாகப் போனார். தன்னுடைய முறைக்கு அது ஒரு முன்னோடி என்று வால்டே எழுதியிருக்கிறார். 1950-இல் இந்திய அரசின் அழைப்பில் வால்ட் இங்கே சொற்பொழிவுப் பயணம் வந்தார். டிசம்பர் 13-ஆம் தேதி அவர் வந்த ஏர் இந்தியா விமானம் நீலகிரியில் ரங்கசாமி மலைப் பக்கம் மோதி விழுந்தது. கூட வந்த மனைவியும் போய்விட்டார். வால்டுக்கு வயது 48. கோத்தகிரிக்குச் சுற்றுலா போன ஒரு தடவை அந்த மலையை பஸ் ஜன்னலிலிருந்து தேடினேன். ஒரே மூடுபனி. பக்கத்து சீட்டில் என் தங்கை, "என்னக்கா தேடுற?" என்றாள். எங்கிருந்து ஆரம்பித்துச் சொல்வது என்று தெரியாமல் "ஒண்ணுமில்ல" என்றேன்.

கேள்வி: பெரம்பூரில் இருக்கிறேன், சாஃப்ட்வேர் வேலை. எங்கள் ஆர்டர் ஆப்பில் பாதிப் பேருக்குப் பச்சை பட்டன், பாதிப் பேருக்கு ஆரஞ்சு பட்டன் காட்டி எதில் ஆர்டர் கூடுகிறது என்று பார்த்தோம். தினமும் காலையில் பி-மதிப்பைப் (உண்மையில் வித்தியாசமே இல்லாவிட்டாலும் இவ்வளவு வித்தியாசம் தற்செயலாகத் தெரியும் வாய்ப்பு) பார்ப்போம். ஆறாம் நாள் 0.05-க்குக் கீழே இறங்கியது, உடனே நிறுத்தி ஆரஞ்சு ஜெயித்தது என்று அறிவித்துவிட்டோம். இதுவும் படிப்படியாகப் பார்த்து நிறுத்துவதுதானே? எங்கள் சீனியர் ஒருவர் மட்டும் தப்பு என்கிறார்.

சீனியருக்கு ஒரு ஃபில்டர் காபி வாங்கிக் கொடுங்கள் தம்பி, அவர் சொல்வதுதான் சரி.

0.05 என்பது ஒரே ஒரு தடவை பார்ப்பதற்கான கோடு. இரண்டு பட்டனுக்கும் வித்தியாசமே இல்லை என்று வையுங்கள். ஒரு தடவை பார்த்தால் நூற்றுக்கு ஐந்து முறைதான் ஏமாறுவீர்கள். அதே கோட்டை வைத்து, சேரச் சேர ஐந்து தடவை பார்த்தால் நூற்றுக்கு 14 முறை ஏமாறுவீர்கள். பத்துத் தடவை என்றால் 19. நிறுத்தாமல் பார்த்துக்கொண்டே போனால் என்றைக்காவது ஒரு நாள் அந்தக் கோட்டைத் தாண்டுவது நிச்சயம். எண்கள் ஏறி இறங்கும். இறங்கும்போது பார்த்து நீங்கள் கதவைச் சாத்துகிறீர்கள்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 1994 மழைக்காலம், மாதக் கடைசி. ஸ்பிரிங் வாஷர் லாட் ஒன்று லாரிக்காகக் காத்திருந்தது. 80 எடுத்துப் பார்த்தால் நாலு பழுது வரை விடலாம் என்பது அப்போதைய விதி. எனக்கு ஆறு வந்தது. ரிஜெக்ட் கார்டு எழுத பேனாவை எடுத்தேன். மேனேஜர் பக்கத்தில் வந்து நின்றார். கோபப்படவில்லை, திட்டவில்லை, மெதுவாகத்தான் சொன்னார்: "நீ எடுத்த இடம் அப்படிம்மா. இன்னும் ஒரு 80 எடு." எடுத்தேன், ஐந்து பழுது. "பாத்தியா, குறையுது! இன்னும் ஒரு 80." எடுத்தேன், மூன்று. "அவ்ளோதான். பாஸ்." பச்சை கார்டில் கையெழுத்துப் போட்டேன். முந்தின இரண்டு 80-ஐயும் எந்த ரிஜிஸ்டரிலும் எழுதவில்லை.

பதினேழு நாள் கழித்து அத்தனை பெட்டியும் திரும்பி வந்தது. அதில் ஒன்றின் மேல் என் பச்சை கார்டை அப்படியே ஒட்டி அனுப்பியிருந்தார்கள். ஷெட்டுக்குள் மழைத் தண்ணீர் கணுக்கால் வரை. பலகை போட்டு, ஆறு பேர் மூன்று நாள் குந்தியிருந்து ஒவ்வொரு வாஷராகப் பிரித்தோம். யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை.

எங்கள் சீனியர் ஒருவர், ரயில்வேயில் ஓய்வு பெற்று எங்களிடம் சேர்ந்தவர், மூன்றாம் நாள் சாயங்காலம் கிராஃப் பேப்பரில் ஒரு படம் போட்டுக் காட்டினார். பார்த்த எண்ணிக்கை குறுக்கே, பழுதின் எண்ணிக்கை மேல்நோக்கி. அதில் கீழிருந்து மேலே சாய்வாக இரண்டு இணைகோடு. கீழ்க்கோட்டைத் தொட்டால் பாஸ், மேல்கோட்டைத் தொட்டால் ரிஜெக்ட். "நீ செஞ்சதும் இதுதாம்மா. ஆனா மேல்கோட்டை அழிச்சுட்டு செஞ்ச" என்றார். பாஸ் ஆகும்வரை எடுத்துக்கொண்டே இருந்தால் எந்த லாட்தான் பாஸ் ஆகாது?

உங்கள் ஆறாம் நாளும் அப்படித்தான். ஜெயித்தால் நிறுத்துவோம் என்ற ஒரு கோடு மட்டும் இருந்தது. எப்போது 'வித்தியாசம் இல்லை' என்று கைவிடுவது என்பதற்குக் கோடே இல்லை. முதல் கோடும் ஒரு தடவைக்கு வரைந்தது, ஆறு தடவைக்கு அல்ல.

தினமும் பார்ப்பது பாவம் இல்லை. அதற்கேற்ற கோட்டை முன்னாடியே வரையுங்கள். ஐந்து தடவை பார்க்கப் போகிறேன் என்றால் ஒவ்வொரு தடவையும் 0.05-க்குப் பதில் 0.016 என்று வைத்தால் மொத்தத் தவறு ஐந்து சதவீதத்துக்குள் அடங்கிவிடும். 1977-இல் போகாக் என்பவர் சொன்ன கணக்கு. எத்தனை தடவை என்று கணக்கே வைக்காமல், எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம் என்கிற முறைகளும் இப்போது புழக்கத்தில் உண்டு. சும்மா கிடைக்காது, கொஞ்சம் கூடுதல் ஆட்கள் வேண்டியிருக்கும்.

ஆரஞ்சு பட்டன் உண்மையிலேயே நல்லதாகவும் இருக்கலாம், அது வேறு விஷயம். அந்தப் பச்சை கார்டை நான் இன்னும் வைத்திருக்கிறேன்.

கேள்வி: ஸ்டான்லி ஆஸ்பத்திரி பக்கத்தில் மருந்துக்கடை. ஒரு மருந்துப் பரிசோதனையைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள் என்று செய்தி வந்தால் ஜனங்கள் பயப்படுகிறார்கள். பாதியில் நிறுத்தினால் ஏதோ கோளாறு என்றுதானே அர்த்தம்?

கோளாறாகவும் இருக்கலாம், தலைகீழாகவும் இருக்கலாம். மருந்து இவ்வளவு நன்றாக வேலை செய்யும்போது மற்ற பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை கொடுத்துக்கொண்டிருப்பது அநியாயம் என்றும் நிறுத்துவார்கள்.

பெரிய சோதனைகளில் மருந்து கம்பெனியோ டாக்டர்களோ நடுவில் எண்ணைப் பார்ப்பதில்லை. தனியாக ஒரு கண்காணிப்புக் குழு மட்டும் குறிப்பிட்ட இடைவெளியில் பார்க்கும். எந்த அளவைத் தாண்டினால் நிறுத்தலாம் என்று முன்கூட்டியே எழுதி வைத்திருப்பார்கள். ஓ'பிரையன், ஃபிளெமிங் என்ற இருவர் 1979-இல் கொடுத்த கோடு ரொம்பப் பிரபலம். ஆரம்பத்தில் பயங்கரக் கறார். ஐந்து பார்வை என்றால், முதல் பார்வையில் தற்செயலாக நடக்க லட்சத்தில் ஒன்றுக்கும் குறைவான வாய்ப்பு இருந்தால்தான் நிறுத்த விடும். போகப் போகத் தளர்ந்து, கடைசிப் பார்வையில் கிட்டத்தட்ட வழக்கமான கோட்டுக்கே வந்துவிடும். மூத்த மாமியார் மாதிரி என்று என் டியூஷன் பெண் ஒருத்தி சொன்னாள்.

உதாரணத்துக்கு, மாரடைப்பு வந்து பிழைத்த 3,837 பேரிடம் அமெரிக்காவில் நடந்த ப்ரோப்ரனலால் சோதனை. நீங்கள் கடையில் தினம் எடுத்துக் கொடுக்கிற மாத்திரைதான். 1981 அக்டோபரில், திட்டமிட்டதற்கு ஒன்பது மாதம் முன்னாடியே நிறுத்தினார்கள். வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 9.8 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள், மருந்து சாப்பிட்டவர்களில் 7.2. எதிர்ப்பக்கமும் உண்டு. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இரண்டு ஹார்மோன் சேர்த்துக் கொடுத்த பெரிய அமெரிக்கச் சோதனையை 2002-இல் நிறுத்தியதற்குக் காரணம், நன்மையைவிடக் கெடுதல் அதிகம் என்று தெரிந்ததுதான்.

ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நன்மை என்று சீக்கிரம் நிறுத்திய சோதனையில் மருந்தின் பலன் உள்ளதைவிடக் கொஞ்சம் பெரிதாகத் தெரியும். அலை ஏறியிருக்கும் நேரத்தில் அளவெடுத்த மாதிரி. காசிமேட்டுக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

கேள்வி: மாப்பிள்ளை பார்க்க இந்தக் கணக்கு உதவுமா? (பெயர், ஊர் வேண்டாம்)

உதவாது. அது வேறு கணக்கு. ஆட்கள் ஒவ்வொருவராக வருவார்கள், வேண்டாம் என்றவர் திரும்பி வரமாட்டார், இருப்பதிலேயே சிறந்தவர்தான் வேண்டும் என்றால், முதல் 37 சதவீதம் பேரை யாராக இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அதற்கப்புறம் அவர்கள் எல்லாரையும்விட நல்லவராக வரும் முதல் ஆளைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று கணிதம் சொல்கிறது. அப்படிச் செய்தாலும் சிறந்தவர் கிடைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 37 தான். வீட்டில் பெரியவர்களிடம் இதை விளக்கிச் சொல்லும் தைரியம் எனக்குக் கிடையாது.

கேள்வி: பிளஸ் 35-ஐயும் தொடாமல் மைனஸ் 35-ஐயும் தொடாமல் நடுவிலேயே ஊசலாடிக்கொண்டிருந்தால்? ராத்திரி முழுக்க பல்பு மாட்டுவதா? (கொருக்குப்பேட்டைக்காரரின் மகள். அப்பாவுக்கு நான் அனுப்பிய பதிலைப் படித்துவிட்டு, அதன் பின்பக்கத்தில் பென்சிலில் மகளே எழுதி அனுப்பியிருந்தார்.)

நல்ல இடத்தில் கை வைத்தாயம்மா. என்றாவது முடிந்தே தீரும் என்று வால்ட் நிரூபித்திருக்கிறார், ஆனால் ராத்திரிக்குள் முடியும் என்று சொல்லவில்லை. பெட்டியில் பழுது இரண்டும் இல்லாமல் பத்தும் இல்லாமல் ஐந்து சதவீதமாக இருந்தால்தான் இந்த இழுபறி. அப்போது சராசரியே எழுபது, எண்பது என்று ஏறும். சில நாள் உன்னுடைய 89-ஐயும் தாண்டும்.

எங்கள் மேஜையில் அதற்கு ஒரு முட்டுக்கட்டை வைத்திருந்தோம். 120-ஆவது வாஷரோடு நிறுத்துவோம். அப்போது கணக்கு பூஜ்யத்துக்கு மேலே இருந்தால் பாஸ், கீழே இருந்தால் ரிஜெக்ட். இதனால் தவறு துளி கூடும், பரவாயில்லை என்று ஏற்றுக்கொண்டோம். 120 என்ற எண்ணையும் லாட்டைப் பிரிப்பதற்கு முன்னாடியே கார்டின் தலையில் எழுதிவிட வேண்டும். சரியாகப் பூஜ்யத்திலேயே நின்றால் என்ன செய்வது என்று உன் மாதிரி ஒருத்தி அங்கேயும் கேட்டாள். பழுதின் எண்ணிக்கையை 20 மடங்காக்கினால் மொத்த எண்ணிக்கைக்குச் சமமாக வரும்போதுதான் பூஜ்யம். 120-இல் ஆறு பழுது என்றால் அப்படி ஆகும். ஒரு தடவை ஆகவும் ஆனது. அன்றைக்கு 121-ஆவதை எடுத்தோம்.